தலைகீழாக அடுக்கிய தாள்கள்

மார்ச் 6

அக்காவுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ நலமா? அந்த வீட்டில் நலம் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. நான் இருக்கிறேன். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, அதற்கு மாத்திரையும் இருக்கிறது.

யாரோ அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்த உன் கடிதம் வந்தது. அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, கையைத் தூக்க முடியவில்லை, என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், கிளம்பி வா என்கிறாய். எதற்கு? நான் என்ன படித்தேன் என்று இப்போதாவது கேட்கப்போகிறாரா?

நம் வீட்டைப் போல அச்சடித்த தாள் நிறைந்த வீடு அந்தத் தெருவில் வேறு எது? எடைக்கு வாங்கிய பத்திரிகை, அட்டை கிழிந்த பாடப்புத்தகம், முதல் பக்கம் இல்லாத கதைப்புத்தகம், எல்லாம் சுவர் உயரத்துக்கு. ஒருவருக்கும் ஓர் எழுத்து தெரியாது. எல்லாம் கடைகளுக்குப் பை ஒட்டத்தான். மதியச் சாப்பாடு மிச்சமாகும் என்று என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். பை ஒட்டும் பலகையில் உட்கார ஆள் வேண்டும் என்று உன்னை அனுப்பவில்லை.

எனக்கு எழுத்துக்கூட்ட வந்த நாளிலிருந்து கை தாமதமானது. கதையின் நடுப்பக்கம் கைக்கு வரும். மடிக்க மனம் வராது. அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து உனக்கு மறந்திருக்காது. தாள்களை எல்லாம் எனக்கு முன்னால் தலைகீழாக அடுக்கினார். "வக்கீலய்யா, தீர்ப்பு எழுதி முடிச்சாச்சா? பசை காயுது" என்பார். அப்புறம் வாய் பேசாது, கைதான் பேசும். நான் தலைகீழாகவே படிக்கப் பழகினேன். இன்று நீதிமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவில், எதிரே உட்கார்ந்திருப்பவரின் கோப்பை நான் படித்துவிடுவேன் என்று மேலதிகாரிகளே மூடிவைக்கிறார்கள். அவர் எனக்கு வைத்த சொத்து அது ஒன்றுதான்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். உதவித்தொகைத் தேர்வுக்கு எனக்கு வந்த ஹால் டிக்கெட்டைப் பையாக ஒட்டியதை மன்னிக்க மாட்டேன். வீடு முழுக்கத் தேடினேன். தேர்வு முடிந்த மறுவாரம் கடையில் சர்க்கரை வாங்கினேன். என் பெயர் போட்ட பையில் சர்க்கரை வந்தது. கேட்டதற்கு அவர் சிரித்தார். "காகிதம்னா காகிதம்தானடா" என்றார். தெரியாமல் செய்தாராம். கெட்டித் தாள் மடிப்பில் வெடிக்கும், விரலால் தடவிப் பார்த்து ஒதுக்குக் கூடையில் போடு என்று நம் இருவருக்கும் சொல்லித்தந்தவரே அவர். முத்திரை குத்திய கெட்டித் தாளை அவர் விரல் தவறவிடுமா?

அந்தப் பையை இன்றுவரை வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் போனது. மறுவருஷம் வீட்டை விட்டு ஓடி, ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு படித்தேன்.

வேண்டுமென்றேதான் செய்தேன் என்று அவர் தன் வாயால் சொல்லட்டும். அன்றைக்கு வருகிறேன். உன் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் பார்க்காதபோது என் பங்குப் பைகளையும் சேர்த்து ஒட்டியவள் நீ. பொருள் கொட்டிவிடுமே என்று பையின் அடியை இரண்டு முறை மடிப்பாய். பசை வீண் என்று அவரிடம் திட்டு வாங்குவாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி


மார்ச் 29

தம்பிக்கு அக்கா சொல்லி எழுதுவது.

இங்கே எல்லாரும் இருக்கோம். அப்பாவுக்கு நான்தான் ஊட்டறேன். வலது கை போயிடுச்சு, ஆனா இடது கையால தட்டைத் தள்ளிவிடற கோபம் மட்டும் போகல. நீ மாத்திரையை ஒழுங்காப் போட்டுக்கோ. உனக்குச் சின்ன வயசுலயே எல்லாம் மறந்துபோகும், திட்டறதைத் தவிர.

போன கடுதாசியும் இதுவும் எழுதறது என் பொண்ணு பொடிசு. ஆஸ்பத்திரியில கைக்குழந்தையா நீ பார்த்தது, இப்ப ஒன்பதாவது படிக்குது. அவ அப்பா போனப்புறம் வீட்டுக்கு வர்ற காகிதத்துல என்ன இருக்குன்னு தெரியாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருத்திக்காவது தெரியட்டும்னு அனுப்பினேன். இப்ப எனக்குக் கண்ணே அவதான்.

நீ எழுதினதை அப்பாகிட்ட சொன்னேன். பேச்சு குழறுது, ஆனா புரியுது. ரொம்ப நேரம் என்னையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம், "ஆமான்னே எழுது. வந்து சேரட்டும்"ன்னாரு. எழுதிட்டேன். இனிமே வர வேண்டியது நீதான்.

பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? அந்தச் சீட்டைப் பத்தி இனிமே எழுதாதே.

இப்படிக்கு,
அக்கா

மாமா, பொடிசு எழுதறேன். இதை அம்மாவுக்குத் தெரியாம சேர்க்கறேன். உங்க கடுதாசியை நான் ஒரு தடவைகூடத் திக்காம படிச்சேன். ஹால் டிக்கெட்னு வந்த இடத்துல மட்டும் அம்மா என்னை நிறுத்தி, தண்ணி எடுத்துட்டு வரச் சொன்னாங்க. வந்தப்புறம் "நடுவுல வேண்டாம், கடைசியை மட்டும் படி"ன்னுட்டாங்க. நான் தனியா முழுசும் படிச்சுட்டேன்.


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் இருப்பதாக எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான்.

"ஆமான்னே எழுது" என்றாராம். இதற்குப் பெயர் ஒப்புக்கொள்வதா? சந்தையில் பேரம் படியாதபோது "சரி, எடுத்துட்டுப் போ" என்பார்களே, அந்தக் குரல். முப்பது வருஷத்துக்கு மேல் நான் சுமந்ததை அவர் அரை வாக்கியத்தில் தள்ளிவிடுகிறார். நான் வரவில்லை.

வேறு ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். பொடிசின் எழுத்தைப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. இங்கே விடுதியோடு சேர்த்துப் படிக்கவைக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. தேர்வு எழுதித்தான் சேர முடியும். சேர்ந்துவிட்டால் பன்னிரண்டாவது வரை கவலை இல்லை. அதற்கு மேல் நான் இருக்கிறேன். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். அவள் படம் ஒன்றும் ஒட்ட வேண்டும்.

பொடிசுக்கு: உன் தாத்தா கண்ணில் இது பட வேண்டாம். நீ என்ன படிக்கிறாய், வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்று எழுது.

இப்படிக்கு,
உன் தம்பி


மே 2

தம்பிக்கு,

இங்கே வெயில். பசை சீக்கிரம் புளிச்சுப்போகுது. அப்பாவுக்கு முதுகுல புண் வந்து, இப்ப ஆறுது. நீ சாப்பாட்டுல உப்பைக் குறைச்சியா?

விண்ணப்பத்துல கைநாட்டு வச்சுட்டேன். போகட்டும், நல்லாத்தான் இருக்கும். அப்பாவுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. "இன்னொரு வக்கீலா?"ன்னாரு. அவ்வளவு தூரத்துல வயசுப்பொண்ணை எப்படி விடறதுன்னுதான் யோசனையா இருக்கு. இவ போயிட்டா உன் கடுதாசியை எனக்கு யார் படிச்சுக் காட்டுவா? நீ வந்து படிச்சுட்டுப் போவியா? சும்மா சொன்னேன். சிரிக்கத் தெரிஞ்சா சிரி.

இப்படிக்கு,
அக்கா

மாமா, நான் பலகையிலதான் உட்கார்ந்து படிக்கறேன். தாத்தா படுத்ததுலேர்ந்து அம்மாவும் நானும் மட்டும்தான் ஒட்டறோம். நீங்க எழுதியிருந்தீங்களே, அதே மாதிரி எனக்கும் தாள் தலைகீழாத்தான் இருக்கும். இப்ப அடுக்கறது அம்மா. எழுத்து தெரியாதில்ல, படத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பாங்க. படமே இல்லாத பக்கம் வந்தா அன்னிக்கு எனக்கு அதிர்ஷ்டம். போன வாரம் ஒரு கதையில திருடன் கிணத்துக்குள்ள இறங்கிட்டான். அடுத்த பக்கம் மளிகைக்கடைக்குப் போயிடுச்சு. கடைக்காரர்கிட்ட போய்ப் பை பையாத் திருப்பிப் பார்த்தேன். "என்னம்மா, சாமான் வேண்டாமா, வெறும் பை போதுமா?"ன்னு கேட்டாரு. திருடன் இன்னும் கிணத்துலதான் இருக்கான்.


ஜூன் 20

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன். நேரமில்லை.

பள்ளியில் விசாரித்தேன். ஹால் டிக்கெட்டைத் தபாலில் அனுப்பிவிட்டார்களாம். உன் வீட்டு முகவரிக்கு வரும். வந்த உடனே டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டு. சாவியை இடுப்பில் செருகிக்கொள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கை விழுந்தாலும் அவர் அவர்தான். அந்த வீட்டில் எந்தத் தாளுக்கு என்ன நடக்கும் என்பது எனக்கு அனுபவம்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் அவளை ஏற்றிவிடு. ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்காரச் சொல். நான் பேருந்து நிலையத்தில் நிற்பேன். என்னைத் தெரியாவிட்டால் கோபமாக நிற்கும் ஆளைத் தேடச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி


ஜூலை 19

அக்காவுக்கு,

நலமா என்று இந்த முறை கேட்கவில்லை. பதில் வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காலையிலிருந்து மாலை வரை நின்றேன். உங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையைப் பார்த்துவிட்டு இறங்கினேன். நடத்துநர் ஒருவர், "சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார். அவளுக்காகக் காயாத பேனா இரண்டும் ஓர் அட்டையும் வாங்கி வைத்திருந்தேன். தேர்வு முடிந்துவிட்டது.

அவளுக்கு உடம்பா? யாராவது தடுத்தார்களா? ஒரு வரி போதும். அவளையே எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி


ஆகஸ்ட் 14

ஐயாவுக்கு வணக்கம்.

நான் உங்கள் அக்கா வீட்டுத் தெருமுனை மளிகைக்கடைக்காரன். பொண்ணு பேனாவைத் தொட மாட்டேன்னு உட்கார்ந்திருப்பதால், உங்கள் அக்கா கேட்டு இதை நான் எழுதுகிறேன். அவர் சொன்னது அப்படியே:

"தம்பி, கோபப்படாதே. சீட்டு வந்துச்சு. பெட்டியில வைக்கறதுக்குள்ள தவறிப்போச்சு. அப்பா சும்மா படுத்திருக்காரேன்னு நான்தான் கொஞ்சம் தாளும் பசையும் பக்கத்துல வச்சேன். இடது கையால ஏதோ ஒட்டிட்டு இருந்தாரு. அதுல சீட்டும் போயிடுச்சு. தெரியாம நடந்தது. எல்லாம் தலையெழுத்து. அவ அடுத்த வருஷம் எழுதிக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கோ. அக்கா."

இது வரைதான் அவர் சொன்னது. இனி நான் சொல்வது அவருக்குத் தெரியாது. பையைக் கண்டுபிடித்தது நான்தான். ஒரு வாடிக்கையாளருக்குச் சர்க்கரை கட்டப் பையைப் பிரித்தேன், பொண்ணு முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. படம் பக்கவாட்டில் பாதி மடிந்து இருந்தது. அதற்குள் தேர்வு நாள் போய்விட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை. அந்தப் பொண்ணிடம் காட்டவும் தைரியம் இல்லை. மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது பயன்படுமா பாருங்கள். எனக்கும் பெண் பிள்ளை உண்டு.

இப்படிக்கு,
மளிகைக்கடைக்காரன்


செப்டம்பர் 11

மாமாவுக்கு,

பொடிசு எழுதறேன். நீங்க நல்லா இருக்கீங்களா? அம்மா நல்லா இருக்காங்க. தாத்தா போன புதன்கிழமை போயிட்டாரு. உங்களுக்குச் சொல்லி அனுப்பணுமான்னு கேட்டேன். "அவன் வர மாட்டான், மெதுவா எழுது"ன்னு அம்மா சொன்னாங்க.

ஹால் டிக்கெட் போனதுலேர்ந்து நான் தாத்தாகிட்ட பேசல. ஒரு தடவை மட்டும் பக்கத்துல போய், "ஏன் தாத்தா அப்படிப் பண்ணினே?"ன்னு கேட்டேன். அதுக்குள்ள அவருக்குப் பேச்சு சுத்தமா நின்னுபோயிருந்துச்சு. அம்மாவைப் பார்த்தாரு. அம்மா தாளை அடுக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகல. கடைசியில வாயில தண்ணி ஊத்தச் சொன்னப்பவும் ஊத்தல.

"உன் மாமாவும் இப்படித்தான், பிடிச்சா பிடி"ன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்றாங்க. அது நல்லதுன்னு சொல்றாங்களா கெட்டதுன்னு சொல்றாங்களான்னு தெரியல.

பள்ளிக்கூடம் போறதை இப்போதைக்கு நிறுத்தியிருக்கு. தாத்தா இல்லாததால பலகையில ஆள் குறைவாம். அவர் படுத்தே எட்டு மாசம் ஆச்சு, அப்ப மட்டும் எப்படிக் குறையலன்னு கேட்டேன். அம்மா பசை கிண்டப் போயிட்டாங்க. இனிமே வர்ற கடுதாசி எல்லாம் நான்தான் படிச்சுக் காட்டணும்னு சொல்லிட்டாங்க. நீங்க எழுதுங்க.

இப்படிக்கு,
பொடிசு


செப்டம்பர் 23

அக்காவுக்கு,

இதைப் பொடிசுதான் உனக்குப் படித்துக் காட்டும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

பொடிசு, சத்தமாகப் படி. நடுவில் நிறுத்தாதே. தண்ணீர் எடுத்து வரச் சொன்னாலும் எழுந்து போகாதே.

கடைக்காரர் அனுப்பிய பையை ஒரு மாதம் மேசை இழுப்பறையிலேயே போட்டுவைத்திருந்தேன். பார்த்து என்ன ஆகப்போகிறது, யார் வேலை என்றுதான் தெரியுமே என்று இருந்தேன். அவர் செத்துப்போனார் என்று கடிதம் வந்த அன்று எடுத்தேன். என்னிடம் இருக்கும் பழைய பையையும் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவரைத் திட்டுவதற்குத்தான் வைத்தேன். செத்தவரைத் திட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது, தட்டைத் தள்ளிவிட மாட்டார்.

புதுப் பையின் அடி இரண்டு முறை மடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கை விழுந்த மனிதர் ஒற்றைக் கையால் தாளைப் பிடித்து, பசை தடவி, அடியை இரண்டு முறை மடித்து நகத்தால் நீவி ஒட்டினார் என்கிறாய். அவர் இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்திலேயே அடியை ஒரு முறைக்கு மேல் மடித்ததில்லை. மடித்ததற்கு உன்னைத் திட்டியவர் அவர்.

பிறகு பழைய பையைத் திருப்பினேன். அதன் அடியும் இரண்டு முறை மடித்தது.

இத்தனை வருஷம் அந்தப் பையை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். என் பெயர் இருந்த பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். படிக்கத் தெரிந்தவன் பார்க்கும் பக்கம் அதுதான். ஒரு முறைகூட அடியைப் பார்க்கவில்லை.

உனக்கு எழுத்து தெரியாது, தெரியாமல் நடந்தது என்று சொல்லாதே. என் சீட்டில் எழுத்து மட்டும் இருந்தது. கெட்டித் தாளைத் தடவிப் பார்த்து ஒதுக்கத் தெரிந்த விரல் உன்னுடையதும்தான். இவள் சீட்டில் படம் இருந்தது. படத்தைப் பார்த்துத் தாளைத் தலைகீழாகத் திருப்பத் தெரிந்த உனக்கு, பெற்ற பெண்ணின் முகம் தெரியவில்லையா?

ஏன் என்று நீ சொல்ல வேண்டாம். நான் போயிருந்தால் அந்தப் பலகைக்கு முன்னால் அவரோடு நீ தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இவள் போயிருந்தால் உனக்கு வரும் தாளில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. எனக்குப் புரிகிறது. புரிவதால் ஒன்றும் குறையவில்லை. "வீட்டிலேயே இருந்தும் எனக்கு ஓர் எழுத்துச் சொல்லித்தர உனக்குத் தோன்றவில்லையே" என்று நீ என்னைக் கேட்கலாம். கேள். ஆனால் அதையும் இவளைக்கொண்டுதான் எழுத வேண்டும்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. "ஆமான்னே எழுது" என்று உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாராமே. அன்றைக்கு அது அவருடைய அலட்சியம் என்று நினைத்தேன். அவர் நல்லவர் என்று இப்போதும் சொல்லவில்லை. அவர் அடித்தது அடித்ததுதான், தாளைத் தலைகீழாக அடுக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஆனால் செய்யாத ஒன்றுக்காக ஒரு மனிதரைக் கடைசிவரை பார்க்காமல் இருந்திருக்கிறேன். அதை உன் தலையில்தான் போடுகிறேன். எனக்கு வேறு இடம் இல்லை.

பொடிசு, இனி இது உனக்கு. நீ தாத்தா வாயில் தண்ணீர் ஊற்றவில்லை. அதை நினைத்து அழாதே. அழுதால் அவருக்காக மட்டும் அழு. என்னைப் போல வெறுப்பைத் தப்பான முகவரிக்கு அனுப்பிக்கொண்டு வயதாகிப்போகாதே. அம்மாவிடம் கோபப்படு, சண்டை போடு, ஆனால் முகத்தைப் பார்த்துச் செய். அடுத்த வருஷத்து விண்ணப்பம் மளிகைக்கடை முகவரிக்கு வரும். ஹால் டிக்கெட்டும் அங்கேதான் வரும். கடைக்காரருக்குத் தனியே எழுதிவிட்டேன். நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போ. பலகையில் ஆள் குறைந்தால் குறையட்டும். அந்தத் திருடன் கிணற்றிலிருந்து எப்படி வெளியே வந்தான் என்பதை நீ முழுப் புத்தகமாகப் படிக்க வேண்டும்.

அக்கா, வழக்கம்போல உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடிக்கலாம். பார்த்துக்கொள். 'இப்படிக்கு' என்று எழுதிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த முகவரிக்கு நான் அதற்குக் கீழே 'உன் தம்பி' என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இன்று அது வரவில்லை. 'இப்படிக்கு' என்பதையும் அடித்துவிட்டேன். கடைசி வரிக்கு வந்ததும் பொடிசு, "மாமா பேர் போட மறந்துட்டாரும்மா" என்று சொல்லும். மறக்கவில்லை என்பதை நீயே உன் வாயால் அவளுக்குச் சொல். கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.